கயிறு அறுந்த இடத்தில் கதையை நிறுத்துவது: பொருள்களின் விஞ்ஞானத்தைச் சாகசக் கதைகளால் கற்பிக்க நான்கு வழிகள்

தரம் ஏழுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும், யாழ்ப்பாணத் தீவகத்தில் சனசமூக நிலைய வாசிகசாலை ஒன்றைக் கவனித்துவரும் இளைஞர் ஒருவரும், தரம் ஆறில் படிக்கும் மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய் ஒருவரும் சென்ற தவணையில் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சாகசக் கதை என்றால் பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்து வாசிக்கிறார்கள். உலோகம், நார், கண்ணாடி, களிமண் என்று பாடம் தொடங்கினால் கொட்டாவி விடுகிறார்கள். முன்னதைக் கொண்டு பின்னதைக் கற்பிக்க முடியுமா, முடியுமென்றால் எந்தக் கதையைக் கொண்டு, எப்படி என்பதே அவர்கள் கேட்டது.

முடியும் என்பது, பல ஆண்டுகளாக வகுப்பறையில் இதைச் செய்தும் கெடுத்தும் பார்த்தவன் என்ற முறையில் என் பதில். ஆனால் வழி ஒன்றல்ல. பழைய சாகச நாவல் ஒன்றை வாசிக்கலாம்; ஆசிரியரே ஊரை வைத்து ஒரு கதை எழுதலாம்; பிள்ளைகளை எழுதவைக்கலாம்; கதையே வேண்டாம் என்று நேராகப் பரிசோதனைக்குப் போகலாம். கடைசி வழியையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்திருப்பது வேண்டுமென்றேதான். கதை இல்லாமல் நடக்கும் பாடத்தைவிடக் கதையோடு நடக்கும் பாடம் எந்த வகையில் மேலானது என்று சொல்ல முடியாவிட்டால், கதைக்குச் செலவழிக்கும் நேரத்துக்கு நியாயம் இல்லை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், கதையின் திருப்பம் பொருளின் இயல்பில் தங்கியிருக்கிறதா என்பது. குகைக்குள் தங்கப் பெட்டி ஒன்று இருந்தது என்பது வெறும் காட்சி. அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் இருவரால் அசைக்கக்கூட முடியவில்லை என்பது பாடம். தங்கத்தின் அடர்த்தி நீரினுடையதைப்போல் 19.3 மடங்கு. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அளவுள்ள தங்கக் கட்டி 19 கிலோவுக்கு மேல் நிறுக்கும். பத்து லீற்றர் கொள்ளும் சிறு பெட்டி நிறையத் தங்கம் இருந்தால் அதை நான்கு பெரியவர்கள் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருக்கும். புதையலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் சிறுவர்களைப் பற்றிய கதைகள் எல்லாம் இந்த ஒரு எண்ணை மறைத்துவிட்டே ஓடுகின்றன. பொருளை மாற்றினால் கதையும் மாறிவிடுமா என்று கேட்டுப்பாருங்கள். மாறாது என்றால் அந்தக் கதை விஞ்ஞானப் பாடத்துக்கு உதவாது, எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, கதையில் வருவதைக் கையால் சோதித்துப் பார்க்க முடியுமா, அதுவும் எங்கள் ஊர்க் கடையிலும் வளவிலும் கிடைப்பவற்றைக் கொண்டு முடியுமா என்பது.

மூன்றாவது சொற்களைப் பற்றியது. இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் ‘பலமானது’, ‘கெட்டியானது’, ‘உறுதியானது’ என்ற மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக்கூடிய சொற்கள். பொருள்களின் விஞ்ஞானமோ அவற்றைப் பிரிக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. கீறலைத் தாங்குவது வன்மை. இழுத்தாலும் அறாமல் நிற்பது வலிமை. பாரம் ஏற்றினாலும் வளையாமல் நிற்பது விறைப்பு. அடிபட்டும் நொறுங்காமல் அந்த அடியை உள்வாங்கிக்கொள்வது இன்னொன்று. யன்னல் கண்ணாடியைச் சாதாரண இரும்பு ஆணியால் கீறுவது எளிதல்ல, ஆனால் ஒரு கிரிக்கெட் பந்து அதை நொறுக்கிவிடும். சைக்கிள் ரியூப்பை நகத்தாலேயே கீறலாம், சுத்தியலால் எத்தனை தரம் அடித்தாலும் அது நொறுங்காது. இவற்றில் எது ‘கெட்டி’ என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றதையும் சொல்வார்கள். இருவரும் சரி, ஏனென்றால் கேள்விதான் பிழை. நல்ல சாகசக் கதை ஒன்று இந்த வேறுபாட்டை வரைவிலக்கணம் இல்லாமலே உணர்த்திவிடும். ஏனோதானோ என்று எழுதிய கதையோ எல்லாவற்றையும் ‘மிகவும் உறுதியான’ என்ற ஒரே அடைமொழியில் போட்டுக் குழப்பிவிடும்.

நான்காவது, நேரம்: வகுப்பில் கிடைக்கும் பாடவேளையும், அதற்கு முன் ஆசிரியர் வீட்டில் செலவிடும் மணித்தியாலங்களும். ஐந்தாவது, கதை பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்பது. அச்சில் வந்துவிட்டால் அது உண்மை என்று பிள்ளைகள் நம்புவதுபோலவே நாங்களும் நம்பிவிடுகிறோம்.

## முதலாவது வழி: பழைய சாகச நாவலை வாசிப்பது

தனித்தீவில் அகப்பட்டவர்களின் கதைகள் பொருள்களைப் பற்றிய கதைகளாக இருப்பது தற்செயல் அல்ல. கடைக்குப் போக முடியாத ஒருவன் ஒவ்வொரு பொருளையும் தானே செய்ய வேண்டும். செய்யும்போது தோற்க வேண்டும். டானியல் டீபோ 1719இல் எழுதிய ‘ரொபின்சன் குறூசோ’வில் இதற்கு இரண்டு அருமையான இடங்கள் உண்டு. களிமண்ணால் பாத்திரம் செய்து வெயிலில் காயவைக்கிறான் குறூசோ. அவை வெடித்தும் உடைந்தும் போகின்றன, எஞ்சியவற்றிலும் நீர் நிற்காது. பிறகு ஒருநாள் உடைந்த ஓட்டுத் துண்டொன்று அடுப்புத் தீயில் கிடந்து கல்லைப்போல் இறுகி, ஓடுபோலச் சிவந்திருப்பதைக் காண்கிறான். அங்கிருந்துதான் அவனுடைய சூளை தொடங்குகிறது. இன்னோர் இடத்தில் பெரிய மரமொன்றை வெட்டிப் பல மாதம் குடைந்து தோணியாக்குகிறான்; முடிந்த பிறகு அதைக் கடற்கரைக்கு நகர்த்த அவனால் முடியவில்லை.

களிமண் கட்டத்தை வாசித்துவிட்டுச் செய்யும் சோதனைக்குச் செலவே கிடையாது. களிமண்ணை உருட்டி நாலைந்து நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த உருண்டை ஒன்றையும், உடைந்த சட்டியின் ஓட்டுத் துண்டொன்றையும் இரண்டு கண்ணாடித் தம்ளர் நீரில் போட வேண்டும். உருண்டை முதலில் குமிழி விடும். பின்பு ஓரங்கள் உதிரும். சற்று நேரத்தில் அடியில் சேறாகக் கிடக்கும். ஓட்டுத் துண்டு நீரை உறிஞ்சி நிறம் கறுக்குமே தவிர, வடிவம் மாறாது. வெயில் களிமண்ணுக்கு இடையில் இருந்த நீரை மட்டும் போக்கியது. ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் சூளை வெப்பம் களிமண் கனிமத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீரை வெளியேற்றி அதை வேறொரு பொருளாக்கிவிட்டது. ஒன்று திரும்பிப் போகக்கூடிய மாற்றம், மற்றது போக முடியாத மாற்றம். பாடநூலில் இது இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத் தம்ளருக்குள் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

ஜூல்ஸ் வேர்ண் 1874–75இல் வெளியிட்ட ‘மர்மத் தீவு’ இதைவிடவும் வெளிப்படையான பொருள் விஞ்ஞான நாவல். பொறியியலாளர் ஒருவரின் தலைமையில் தீவில் அகப்பட்டவர்கள் செங்கல் சுடுகிறார்கள், பானை வனைகிறார்கள், கடல்நாய்த் தோலால் துருத்தி செய்து இரும்புக் கல்லிலிருந்து இரும்பு எடுக்கிறார்கள். இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வேண்டும். அத்தகைய எளிய உலையில் அது உருகுவதில்லை, பஞ்சுபோன்ற கட்டியாகவே வெளிவருகிறது, அதைச் சம்மட்டியால் அடித்துத்தான் கசடு நீக்க வேண்டும். இந்த இடத்தில் ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எங்கள் இலங்கையிலேயே சமனலவெவப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளைப் பற்றிச் சொன்னால், நாவல் தூரத்துக் கதையாக இருக்காது.

ஆனால் இந்த வழியின் மறைமுகச் செலவுகள் பெரியவை. தமிழில் சிறுவர்க்கெனக் கிடைக்கும் சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டப்படுவது செய்முறைதான். நான் வகுப்புக்குக் கொண்டுபோன சுருக்கம் ஒன்றில் மேற்சொன்ன மட்பாண்டக் கட்டம் முழுவதும் ‘அவன் பானைகளும் செய்துகொண்டான்’ என்ற ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோன பக்கங்கள். ஆகவே ஆசிரியர் முழு நூலை வாசித்து, வேண்டிய இரண்டு மூன்று பக்கங்களைத் தாமே மொழிபெயர்க்க நேரிடும். அடுத்ததாக, குறூசோ கப்பலேறியதே அடிமை வியாபாரத்துக்காக என்பதையும், அவன் தன் துணைவனை நடத்தும் முறையையும் பேசாமல் அந்த நூலை வகுப்புக்குள் கொண்டுவருவது சரியல்ல. அந்தப் பேச்சு விஞ்ஞானப் பாடவேளைக்குள் அடங்காது. தமிழ் அல்லது வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் இந்தக் குறையே நிறைவாகிவிடும், தனியே செய்தால் நேரம் போதாது.

பிழைகளும் உண்டு. வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய, தீவில் அகப்பட்ட சிறுவர்களின் நாவலில், கிட்டப் பார்வையுள்ள சிறுவனின் மூக்குக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்டுகிறார்கள். கிட்டப் பார்வைக்குப் போடுவது குழிவு வில்லை. அது ஒளியைக் குவிக்காது, விரிக்கும். வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளை ஒருவர் இருப்பார். வீட்டில் அம்மம்மாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடி இருக்கும். இரண்டையும் மத்தியான வெயிலில் ஒரு தாளுக்கு மேலே பிடித்துப் பார்த்தால் எதன் கீழ் ஒளிப்புள்ளி விழுகிறது என்பது தெரிந்துவிடும் (கண்ணாடி வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்). பெரிய எழுத்தாளரின் பிழையைத் தாங்களே பிடித்த பிள்ளைகள் அதன் பிறகு எந்தக் கதையையும் சும்மா விடுவதில்லை. ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பிழை ஒரு பாடம். தெரியாமல் போய்விட்டால், பிழையைத்தான் அவர் கற்பித்திருப்பார்.

தரம் எட்டுக்கு மேற்பட்டவர்கள், நீண்ட விடுமுறை, தொடர்ந்து கூடும் வாசிப்பு வட்டம் ஆகிய மூன்றும் அமைந்தால் இந்த வழியே சிறந்தது.

## இரண்டாவது வழி: ஆசிரியர் எழுதும் ஊர்க் கதை

இதில் எனக்குப் பற்று அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சூடு பட்டதும் இதிலேதான்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் தரம் ஏழுக்கென்று பதினான்கு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் வழியில் அண்ணனும் தங்கையும் சிறு படகோடு ஒரு மணற்றிட்டில் ஒதுங்கிவிடுகிறார்கள். நைலோன் கயிற்றைக் கடலில் வீசுகிறான் அண்ணன். அது அலைமேல் மிதந்து போகிறது. தங்கை அதைப் பிடித்துக் கரையேறுகிறாள். வாசித்து முடித்ததும், பின்வாங்கில் இருந்த, கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சேர், நைலோன் கயிறு தாழும். மிதக்குதெண்டால் அது வேற கயிறு” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சமாளித்துக்கொண்டு, நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

மறுநாள் அவளே வீட்டிலிருந்து மூன்று கயிற்றுத் துண்டுகள் கொண்டுவந்திருந்தாள். கடையில் மூன்றையும் ‘நைலோன்’ என்றுதான் விற்பார்கள். ஒரு வாளிக் கிணற்று நீரில் மூன்றையும் அமுக்கிக் காற்றுக் குமிழிகளைப் பிழிந்துவிட்டுக் கையை எடுத்தோம். இரண்டு மேலே வந்தன, ஒன்று அடியிலேயே கிடந்தது. அடியில் கிடந்ததுதான் உண்மையான நைலோன். அதன் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.14 கிராம். மிதந்தவை பொலிப்புரொப்பிலீனோ பொலிஎதிலீனோ ஆகலாம். முன்னது ஏறத்தாழ 0.9, பின்னது ஏறத்தாழ 0.95. கடல்நீர் ஏறத்தாழ 1.025 என்பதால் கிணற்று நீரில் கண்டது கடலிலும் மாறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லும் கடையைவிட ஒரு வாளி நீருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அதன் பிறகு கதையைத் திருத்தி எழுதினேன். இப்போது அது பதினான்கு பக்கம் அல்ல, இரண்டு பக்கம். முடியும் இடம் இது:

“வாடைக்காற்று விழுந்திருந்தது. அண்ணன் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு பாரமில்லாமல் வந்தது. அதன் மறுமுனை படகின் எஞ்சினுக்குப் பக்கத்தில், நீரின்மேல், நெளிந்துகொண்டு கிடந்தது. நங்கூரம் இல்லை.”

இங்கே நிறுத்திவிட வேண்டும். கயிறு எதனால் ஆனது, எப்படி அறுந்தது, எந்தக் கயிற்றை அவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பவற்றைப் பிள்ளைகள்தான் வாளியைச் சுற்றி நின்று கண்டுபிடிக்க வேண்டும். மிதக்கும் கயிறு எஞ்சினின் காற்றாடியில் சிக்கும் என்பதைக் கரையோரப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மிதப்பது வீசிப் பிடிப்பதற்கு நல்லது, நங்கூரத்துக்கு ஆகாது என்ற முடிவும் அவர்கள் வாயிலிருந்தே வரும். ஒரே இயல்பு ஒரு வேலைக்கு நன்மை, இன்னொரு வேலைக்குக் கேடு என்பதே பொருள் தெரிவின் அடிப்படை. நல்ல பொருள், கெட்ட பொருள் என்று இரண்டு வகை இல்லை.

கயிற்றைத் தொடர்ந்து பனைக்கும் போகலாம். வேம்பில் வைரம், அதாவது மரத்தின் இறுகிய பகுதி, உள்ளே இருக்கிறது, பனையில் வெளியே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் உள்ளே உடையதை மரம் என்றும் பிரிப்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், பனை புல்லா என்று வியப்பார்கள்; இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களில் புல்லின் பக்கமாகவே வைக்கிறது என்பது அதற்கு மேலும் ஒரு வியப்பு. கூரையைத் தாங்கும் வளை ஒன்று பாரத்தில் வளையும்போது அதன் மேல் விளிம்பு அமுக்கத்தையும் கீழ் விளிம்பு இழுவையையும் அதிகமாகத் தாங்குகின்றன. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. காற்றில் நிற்கும் பனை தன் நெருக்கமான நார்க்கற்றைகளை வெளிப்புறத்தில் வைத்திருப்பதன் பயன் அதுதான். எங்கள் பழைய வீடுகளின் கூரைச் சிலாகைகள் அந்த வெளிப்பகுதியில் இருந்து அறுக்கப்பட்டவை. மரக்காலையில் கேட்டால் வெளிப்பகுதியிலும் உட்பகுதியிலும் ஒரே தடிப்பில் ஒவ்வொரு கீற்றுத் தருவார்கள். இரண்டையும் இரு கதிரைகளுக்கு இடையில் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, லீற்றர் லீற்றராக நீர் ஊற்றுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் தராசு தேவையில்லை. கீழே மணல் பரப்பிய கடகம் ஒன்றை வைத்தால் தளமும் வாளியும் தப்பும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஆசிரியரின் இரவுகள். இரண்டு பக்கக் கதைக்கு நாலைந்து நாள் ஆகும், சோதனையைத் தனியே ஒருமுறை செய்துபார்ப்பதற்கு மேலும் ஒருநாள். அதைவிடப் பெரிய ஆபத்து, விளக்கம் சொல்லும் தாத்தா. கதை சிக்கலான இடத்துக்கு வந்ததும் எங்கிருந்தோ ஒரு தாத்தா தோன்றிப் பாடநூலின் பந்தியைப் பேச்சாகச் சொல்லிவிட்டுப் போவார். ஆசிரியர்கள் எழுதும் கதைகளில் பாதிக்கு மேல் இவரால் கெட்டுப்போனவை, என்னுடைய முதல் கதை உட்பட. தாத்தா வரலாம், ஆனால் அவருக்கும் விடை தெரியாமல் இருக்க வேண்டும்.

எழுத நேரமில்லாதவர்களுக்கு ஊரின் வரலாறே ஆயத்தக் கதைகளை வைத்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலின் பயணத்துக்கு எந்தக் கற்பனையும் தேவையில்லை. பலகைகளின் இடுக்குகளை எதைக் கொண்டு அடைத்திருப்பார்கள், உப்புநீரில் எந்த ஆணி நிலைக்கும், பாய்த்துணி நனைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகள் அங்கே தாமாகவே எழும்.

## மூன்றாவது வழி: பிள்ளைகளே எழுதுவது

முதலில் சோதனை, பிறகு கதை. சோதனையில் தோற்ற பொருள் ஒன்றைக் கதையின் நடுவில் வைத்து எழுத வேண்டும் என்பது ஒரே விதி. இதை வகுப்பறையைவிட வாசிகசாலையில் செய்வது நல்லது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்வதாலும், புள்ளி போடத் தேவையில்லாததாலும், ஒக்ரோபர் மாத வாசிப்பு மாதத்தில் எதையாவது செய்தே ஆக வேண்டிய நிலை இருப்பதாலும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லும்போது நல்ல கதைகள் வருகின்றன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஒவ்வொரு சொட்டும் எண்ணப்பட்டபோது வீடுகளில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு அம்மம்மாவுக்கும் ஏதாவது இருக்கும். திரிக்கு ஏன் பருத்தி, நைலோன் நூல் ஏன் ஆகாது? பருத்தி மண்ணெண்ணெயை மேலே இழுத்துக்கொடுக்கும், சுடரில் கருகுமே தவிர உருகி ஒழுகாது. நைலோன் 200 பாகையைத் தாண்டியதும் உருகத் தொடங்கிவிடும். சூடான போத்தலில் குளிர்ந்த நீர் பட்டால் ஏன் வெடிக்கிறது? தடித்த கண்ணாடியின் ஒரு பக்கம் சுருங்க மறுபக்கம் சுருங்காமல் நிற்பதால். தனித்தீவில் அகப்பட்டு இருப்பதைக் கொண்டு வாழ்ந்தவர்கள் நாவல்களில் மட்டுமா இருக்கிறார்கள்?

செலவுகளைப் பொறுத்தவரை, குறைந்தது மூன்று சந்திப்புகள் வேண்டும். ரியூசன் நேர அட்டவணைக்கு இடையில் அதைக் கண்டுபிடிப்பது இலேசல்ல. எழுத்தில் ஆர்வமுள்ள நாலைந்து பேர் எழுத, மற்றவர்கள் அவர்களின் கொப்பியைப் பார்த்து எழுதுவதும் நடக்கும். கதை சுவையாக வரவேண்டும் என்பதற்காகச் சோதனையின் முடிவையே மாற்றிவிடும் பிள்ளைகளும் உண்டு. அறுந்த கயிறு அறாமல் போய்விடும், ஏனென்றால் கதாநாயகனைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே சோதனைக் குறிப்பைத் தனித்தாளில் எழுதிக் கதையோடு ஒட்டச் சொல்வது என் வழக்கம்.

## நான்காவது வழி: கதையில்லாப் பரிசோதனை

சுருக்கமாகச் சொல்லக்கூடியது இதுதான். மலிவானது, வேகமானது, பரீட்சைக்கு நேராகப் போவது. சுண்ணாம்புக் கல்லில் வினாகிரி விட்டால் நுரைக்கிறது, கருங்கல்லில் நுரைப்பதில்லை என்று காட்டுவதற்குக் கதை தேவையில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வளவுக்கு வளவு சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தரம் பத்து, பதினொன்று மாணவர்களிடம் இரண்டு பக்கக் கதையை நீட்டினால் அவர்கள் பொறுமை இழப்பது நியாயமே.

இதன் மறைமுகச் செலவு உடனே தெரியாது. படிமுறைகளைச் சமையல் குறிப்புப்போலப் பின்பற்றி, எதிர்பார்த்த விடையை எழுதிவிட்டுப் பிள்ளை போய்விடும். என்ன கேள்விக்கு அந்த விடை என்பது அதற்குத் தெரியாது. மறுதவணையில் கேட்டால் நுரைத்தது நினைவிருக்கும், எது நுரைத்தது என்பது மறந்திருக்கும்.

## ஒரே பார்வையில்

| | பழைய நாவல் | ஊர்க் கதை | பிள்ளைகள் எழுதுவது | பரிசோதனை மட்டும் |
|---|---|---|---|---|
| பொருளால் வரும் திருப்பம் | தேர்ந்தெடுத்த பக்கங்களில் மட்டும் | எழுதுபவர் கையில் | விதி வைத்தால் உண்டு | இல்லை |
| ஊர்ப் பொருள்களால் சோதிக்கலாமா | சிலவற்றை | முழுமையாக | முழுமையாக | முழுமையாக |
| வகுப்பு நேரம் | பல வாரம் | ஒன்று அல்லது இரண்டு பாடவேளை | மூன்று சந்திப்பு | ஒரு பாடவேளை |
| ஆசிரியரின் முன்னேற்பாடு | வாசிப்பும் மொழிபெயர்ப்பும் | மிக அதிகம் | குறைவு. பின்வேலை அதிகம் | குறைவு |
| பிழை எங்கே நுழையும் | மூல நூலில், சுருக்கத்தில் | ஆசிரியரிடம் | முடிவை மாற்றுவதில் | பெரும்பாலும் இல்லை |
| பொருந்தும் வயது | தரம் 8க்கு மேல் | தரம் 6, 7 | கலந்த வயது | தரம் 10, 11 |

## கேட்ட மூவருக்கும்

தரம் ஏழு ஆசிரியைக்கு நான் சொன்னது இரண்டாவது வழி. ஆனால் தவணைக்கு ஒரு கதைக்கு மேல் எழுத முயல வேண்டாம். மீதிப் பாடங்களுக்கு நான்காவது வழியே போதும். எழுதியதை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன், அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்: கயிறு என்றால் கடற்றொழிலாளி, மரம் என்றால் தச்சர், இரும்பு என்றால் பட்டறைக்காரர். எனக்கு அன்று அது தோன்றியிருந்தால் பின்வாங்குப் பிள்ளையிடம் அகப்பட்டிருக்க மாட்டேன். அந்தப் பாடமும் கிடைத்திருக்காது என்பது வேறு விடயம்.

தாயாருக்கு முதலாவது வழி, அதுவும் துண்டு துண்டாக. வீட்டில் பாடவேளை மணி அடிப்பதில்லை. இரவு இரண்டு பக்கம் வாசித்து, விடிந்ததும் சட்டி ஓட்டையும் களிமண் உருண்டையையும் நீரில் போட்டுப் பார்க்க அவருக்கு வசதி உண்டு. சுருக்கப் பதிப்பை வாங்கும் முன் மட்பாண்டம் செய்யும் கட்டம் அதில் எத்தனை வரி என்று புரட்டிப் பார்ப்பது நல்லது. மகன் தரம் ஆறு என்பதால் அடிமை வியாபாரம் பற்றிய கேள்விகளுக்கு அவரே பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வாசிகசாலை இளைஞருக்கு மூன்றாவது வழி. அவருடைய வாசிகசாலையில் புத்தகங்கள் குறைவு என்று வருத்தப்பட்டார். இந்த வேலைக்கு அது ஒரு தடையே அல்ல. சனிக்கிழமை காலை ஒரு வாளியையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போய், படகுக்காரர்களிடம் பழைய கயிற்றுத் துண்டு கேட்கட்டும். எந்தக் கயிறு எந்தக் கடலில் எப்போது அறுந்தது என்பதை அவர்கள் கேளாமலே சொல்லத் தொடங்குவார்கள்; கொப்பியும் பேனாவும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.